பிப்ரவரியில் கியூபெக் நகரம்: நாலு நாள் போய் வந்தேன், போக நினைப்பவர்களுக்காக

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் சிவில் படிக்கிறேன். ஒரு செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவியாக ஜனவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்தேன். பிப்ரவரி நடுவில் இங்கே ஒரு வாரம் படிப்பு விடுமுறை. கூடப் படிப்பவர்களில் பாதிப்பேர் வெயிலைத் தேடித் தெற்கே போனார்கள். நான் இன்னும் குளிரான, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் தலைநகரான கியூபெக் நகரத்துக்குத் தனியாகப் போனேன். "கோடையில் போ, பனியில் அங்கே என்ன இருக்கிறது" என்று சொல்லாத ஆள் இல்லை. போய் வந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அந்த ஊரைப் பனிக்காலத்தில்தான் பார்க்க வேண்டும். பனியோடு பிழைப்பதற்காகக் கட்டிய ஊர் அது.

டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் வரை ஒரு ரயில், அங்கே மாறி இன்னும் மூன்றரை மணி நேரம். 1915இல் கட்டிய கார் டு பலே என்ற நிலையத்தில் இறங்கினால் அதுவே ஒரு சின்னக் கோட்டை போல இருக்கிறது. வெளியே வந்தபோது மைனஸ் 24. முதல் மூச்சிலேயே மூக்குக்குள் இருக்கும் முடி உறைந்து குத்தியது. காலடியில் பனி ரவையை மிதிப்பது போல நறநறவென்றது. அவ்வளவு குளிர்ந்தால்தான் அந்தச் சத்தம் வருமாம், குளிர் குறைந்த நாளில் வராது.

ஊர் இரண்டு தட்டு. ஆற்றங்கரையில் கீழ் ஊர், பாறை மேல் மேல் ஊர். இரண்டுக்கும் நடுவே படிக்கட்டுகள், 1879இலிருந்து ஓடும் ஒரு இழுவை ரயில். மேலே 4.6 கிலோமீட்டர் கோட்டைச் சுவர். மெக்சிகோவுக்கு வடக்கே மதில் இன்னும் முழுசாக நிற்கும் ஊர் இது ஒன்றுதான். 1608இல் ஷாம்ப்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஊர், 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது கூரைகள். தகரக் கூரை, பனி தங்காமல் வழுக்கி விழும் அளவுக்குச் செங்குத்தான சரிவு. பழைய வீடுகளின் கூரை மேல் நிரந்தரமாக ஓர் ஏணி சாத்தியிருக்கிறது, புகைபோக்கியைச் சுத்தம் செய்ய. இரண்டு வீடுகளுக்கு நடுவே கூரையைத் தாண்டி எழும் தடித்த கல்சுவர். பக்கத்து வீட்டுத் தீ தாவாமல் இருக்க, 1727ஆம் ஆண்டு ஆணையில் வந்த ஏற்பாடு. விடிய விடிய அடுப்பு எரியாமல் உயிர் தங்காத ஊரில் தீதான் பெரிய பயம். வகுப்பில் பனிச்சுமை (கூரை தாங்க வேண்டிய பனியின் எடை) என்று ஒரு எண்ணைக் கணக்கில் போடுவோமே, அந்த எண் ஒரு தெருவாகவே என் முன்னால் நின்றது.

மோன்மோரன்சி அருவிக்கு நகரப் பேருந்திலேயே போகலாம். 83 மீட்டர், நயாகராவை விட உயரம். தெறிக்கும் சாரல் அடிவாரத்தில் உறைந்து உறைந்து ஒரு பனிக்கூம்பாக வளர்கிறது. சில ஆண்டுகளில் முப்பது மீட்டர் வரை எழுமாம். சர்க்கரைக் கட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அருவி அதற்குப் பின்னால் விழுந்துகொண்டே இருக்கிறது, பாதி உறைந்தும் பாதி இரைந்தும்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. போன் 40 சதவீதத்தில் இருந்து ஒரே அடியாக அணைந்துவிட்டது. திரும்பும் பேருந்து எங்கே நிற்கும் என்பது அதில்தான் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. கையில் சாமான் பையோடு நடந்து வந்த ஒரு வயதான அம்மாவிடம், மனப்பாடம் செய்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "போன்ஜூர் மதாம், ழ பார்ல் அங் பெ ஃப்ரான்ஸே." வணக்கம் அம்மா, எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் கையைப் பிடித்து நிறுத்தம் வரை கூட்டிப் போனார், பேருந்து வரும் வரை நின்றார், ஓட்டுநரிடம் ஏதோ சொல்லி என்னை ஏற்றிவிட்டார். என் நிறுத்தம் வந்ததும் ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்துக் கை காட்டினார். அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர் கையுறையின் சொரசொரப்பு மட்டும் நினைவிருக்கிறது.

யாராவது போவதாக இருந்தால் கேளுங்கள்.

தென்பெண்ணை எழுதியது:

அக்கா, நான் அடுத்த ஜனவரியில் இதே போல ஒரு செமஸ்டருக்கு வருகிறேன். வேலூரைத் தாண்டி குளிர் என்றால் எனக்கு ஏற்காடுதான் தெரியும். என்ன துணி எடுத்து வர வேண்டும்? சாப்பாடு சைவம் மட்டும். சமாளிக்க முடியுமா?

வெயில்பிரியன் எழுதியது:

எல்லோரும் இப்படி அழகாக எழுதுவதை நம்பி நான் டிசம்பரில் போனேன். நாலு மணிக்கே சூரியன் போய்விட்டது. மூன்று நாளில் இரண்டு நாள் உறைமழை, நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆங்கிலத்தில் கேட்டேன், பரிமாறியவர் பதில் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. மாணவர்கள் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தைச் சேர்த்து வைத்து ஜூலையில் போகட்டும். அதே கோட்டை, அதே ஆறு, கூடவே வெளிச்சம்.

மொன்றியல்வாசி எழுதியது:

தங்கச்சி, வடிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மொன்றியலில் முப்பது வருசத்துக்கு மேல் இருக்கிறேன். வெயில்பிரியனுக்கு நடந்தது சரியான மரியாதைக்கேடு. அதை நான் மறைக்க மாட்டேன், எனக்கும் நடந்திருக்கிறது. ஆனாலும் மொழி விசயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாட்டில் பிறந்தவன் நான். மொழிச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தலைமுறைக்கு வயிறு கலங்கும். இங்கே வந்து இறங்கினால் கியூபெக்கிலும் ஒரு மொழிச் சட்டம், 1977ஆம் ஆண்டுச் சட்டம் 101. குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும், கடைப் பலகை பிரெஞ்சில் இருக்க வேண்டும். முதல் சில வருசம் எனக்குக் கோபம்தான். பிறகு மெல்ல விளங்கியது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்த அவ்வளவு பெரிய ஆங்கிலக் கடலில் ஏறக்குறைய ஒன்பது மில்லியன் சனத்தொகை கொண்ட ஒரு மாகாணம் தன் மொழியில் கதைத்துக்கொண்டு இருக்கப் பார்க்கிறது. சிறுபான்மை தன் மொழியைக் காப்பதும், பெரும்பான்மை தன் மொழியைத் திணிப்பதும் ஒன்றல்ல. சட்டத்தின் சில பிரிவுகளோடு எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை, அது வேறு கதை. ஆனால் அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்.

அதனால் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன்: கடைக்குள் கால் வைத்தவுடன் முதல் சொல் "போன்ஜூர்" ஆக இருக்கட்டும். கேள்வி பிறகு. மொன்றியலில் நீங்கள் ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம். கியூபெக் நகரம் அப்படி இல்லை, சுற்றுலாத் தெருவை விட்டு இரண்டு தெரு தள்ளினால் பிரெஞ்சு மட்டும்தான்.

இன்னொன்று, பாரிஸ் பிரெஞ்சு படித்துவிட்டு வருகிறவர்கள் குழம்புவார்கள். இங்கே காலைச் சாப்பாடு தேழனே, மதியம் தீனே, இரவு சூப்பே. பிரான்சில் தேழனே என்றால் மதியச் சாப்பாடு. நீங்கள் மெர்சி (நன்றி) சொன்னால் இவர்கள் "பியாங்வெனு" (நல்வரவு) என்பார்கள். வீதியில் சிவப்புப் பலகையில் "அரே" (நில்) என்று எழுதியிருக்கும். பிரான்சிலேயே அதில் ஸ்டாப் என்றுதான் போட்டிருப்பார்கள்.

தென்பெண்ணை, மொன்றியல் வழியாகப் போனால் கோட்-டெ-நேஜ் பக்கம் இறங்குங்கள். தமிழ்க் கடைகள் உண்டு. அந்தப் பெயருக்குப் பனி மேட்டின் சரிவு என்றுதான் பொருள்.

காவிரிக்கரை எழுதியது:

> முதல் சொல் "போன்ஜூர்" ஆக இருக்கட்டும்

அண்ணா, இதைத்தான் நானும் கண்டேன். முதல் நாள் ஒரு பேக்கரியில் நேராக ஆங்கிலத்தில் கேட்டேன், சுருக்கமான பதில் வந்தது. மறுநாள் அதே பெண்ணிடம் போன்ஜூர் சொல்லிவிட்டுத் தப்பும் தவறுமாக ஆரம்பித்தேன். அவரே ஆங்கிலத்துக்கு மாறினார், நான் திருச்சி என்றதும் அது எங்கே என்று கேட்டார். நம் ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் "வணக்கம்" என்றால் நம் முகம் மாறுமே, அது போலத்தான்.

வெயில்பிரியன் அண்ணா, உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். டிசம்பருக்கும் பிப்ரவரி நடுவுக்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் உண்டு. நான் போனபோது ஐந்து மணி வரை வெளிச்சம் இருந்தது. உறைமழை வராதது என் அதிர்ஷ்டம்.

தென்பெண்ணை, சாப்பாட்டைப் பற்றி நேராகச் சொல்கிறேன். சைவம் அங்கே கஷ்டம்தான், ஆனால் பட்டினி இல்லை. பூத்தீன் என்று எல்லோரும் சாப்பிடச் சொல்வார்கள்: உருளைக்கிழங்கு வறுவல், மேலே புதுச் சீஸ் துண்டுகள் (பல்லில் கடித்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், வந்தால்தான் புதுசு), அதற்கு மேல் சூடான குழம்பு. அந்தக் குழம்பு பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றிலோ கோழிச் சாற்றிலோ செய்தது. சைவக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கு, பல கடைகளில் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பட்டாணி சூப்பைப் பார்த்தால் நம் பருப்பு மாதிரியே இருக்கும், அதில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம். நான் விடுதிச் சமையலறையில் தினம் ஒரு வேளை சாதம் வடித்து, ஊரிலிருந்து கொண்டு வந்த பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டேன். மைனஸ் இருபதில் சுற்றிவிட்டு வந்து அதைச் சாப்பிடும் சுகத்துக்கு ஈடே இல்லை.

தவறவே விடக் கூடாதது மேப்பிள் பாகு. பாகைக் காய்ச்சி நீளமான மரத்தொட்டியில் நிரப்பிய சுத்தமான பனி மேல் கோடாக ஊற்றுவார்கள். நொடியில் இறுகும், குச்சியால் சுருட்டி எடுத்துச் சாப்பிட வேண்டும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பாட்டி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாரே, அதே உருட்டுப் பதம்தான்! தண்ணீருக்குப் பதில் பனி. நாற்பது லிட்டர் மரநீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்குமாம். உலகத்து மேப்பிள் பாகில் 70 சதவீதம் அளவுக்குக் கியூபெக்கில்தான் வருகிறது.

கம்பளிக்காரி எழுதியது:

நான் சஸ்காட்சுவானில் எட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் விரல் உறைந்து வரும் மாணவர்களைப் பார்க்கிறேன், அதனால் இது மட்டும் கவனமாகப் படி தம்பி (தங்கையா தெரியவில்லை, மன்னிக்கவும்).

பருத்தி வேண்டாம். பருத்திப் பனியனும் ஜீன்ஸும் வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உள்ளே உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத கோட். ஒரு பெரிய கோட்டை விட மூன்று அடுக்கு நல்லது, கடைக்குள் போனால் கழற்றலாம். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்கு. கால்விரல் அசைய இடம் வேண்டும், இறுக்கமாக இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். விரல் பிரிந்த கையுறையை விட விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடு.

வானிலை அறிக்கையில் வெப்பநிலையைப் பார்க்காதே, காற்றோடு சேர்ந்த குளிர் எண்ணைப் பார். அது மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். கன்னமோ காதோ வெளுத்து, உணர்ச்சி இல்லாமல் போனால் உடனே உள்ளே போ. பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தேய்க்கவே கூடாது, திசு கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் வை, கொதிக்கிற தண்ணீரில் இல்லை. ஹீட்டர் மேலும் வைக்காதே, உணர்ச்சி இல்லாத தோல் சுட்டாலும் தெரியாது.

காவிரிக்கரை, போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திரு. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மெதுவாகிவிடும். சூடானால் சார்ஜ் திரும்பத் தெரியும். அடுத்த முறை வழியை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போ. தனியாகப் போகும் பெண் என்றால் கட்டாயம்.

புதுவைக்கடல் எழுதியது:

இந்த இழையில் யாரும் ஆபிரகாம் சமவெளியைச் சொல்லவில்லையே. நான் புதுச்சேரிக்காரன். அந்த மைதானத்தில் நின்றபோது எனக்கு வந்தவாசி நினைவுக்கு வந்தது.

ஒரே போர் அது. 1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் உலகம் முழுக்க நடத்திய ஏழாண்டுப் போர். 1759 செப்டம்பர் 13 அன்று கியூபெக் மதிலுக்கு வெளியே அந்தச் சமவெளியில் சண்டை, இரண்டு தளபதிகளும், பிரிட்டிஷ் தரப்பில் ஊல்ஃப், பிரெஞ்சுத் தரப்பில் மோங்கால்ம், அந்தக் காயங்களிலேயே இறந்தார்கள். நாலே மாதம் கழித்து, 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே மாதத்தில்தான்.

1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் புதுச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொண்டது, கனடாவை விட்டுவிட்டது. எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆட்சி 1954 வரை இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பிரெஞ்சு பேசியதில்லை, அது தெருப் பெயர்ப் பலகையிலும் சில குடும்பங்களிலும்தான் இருக்கிறது. கியூபெக்கில் பிரெஞ்சு ஆட்சி போய் இரண்டரை நூற்றாண்டு தாண்டியும் பேருந்தில் குழந்தைகள் பிரெஞ்சில் சண்டை போடுகின்றன. குடியேறி நிலத்தில் இறங்கியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமாக ஏறக்குறைய 70,000 பேர் அங்கேயே தங்கினார்கள் என்பதுதான் காரணம். புதுச்சேரியில் நிலத்தில் இருந்தவர்கள் நாம். வண்டிகளின் எண் பலகையில் "ழ ம சுவியாங்", எனக்கு நினைவிருக்கிறது, என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நான் ரொம்ப நேரம் நின்றேன்.

மொன்றியல்வாசி எழுதியது:

நல்ல பதிவு. அதோடு ஒரு பனிக்காலக் கதையும் சேர்க்கிறேன். ஊரைப் பிடித்த பிரிட்டிஷ் படை அந்தக் குளிர்காலத்தை, 1759–60, மதிலுக்குள்ளேயே கழிக்க வேண்டி வந்தது. அதில் ஸ்கொட்லாந்து மலைநாட்டுச் சிப்பாய்கள் முழங்கால் தெரியும் பாவாடையோடு நின்றார்கள். தோற்ற தரப்பைச் சேர்ந்த ஊர்சுலின் மடத்துக் கன்னியாஸ்திரிகள் அவர்களுக்கு நீளக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள். அந்த மடம் 1639இல் தொடங்கியது.

காவிரிக்கரை எழுதியது:

அந்த மடத்துக் கதை எனக்குத் தெரியாது, அண்ணா. தெரிந்திருந்தால் அந்தத் தெருவில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்று: 1535இல் கார்ட்டியே என்ற மாலுமி இதே இடத்துக்கு வந்து கப்பலோடு பனியில் மாட்டிக்கொண்டார். 110 பேரில் 25 பேர் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயில் செத்தார்கள். அங்கே ஸ்டடகோனா என்ற ஊரில் வாழ்ந்த, இரோக்குவா மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மக்கள்தான் அனெத்தா என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கக் கற்றுக்கொடுத்து மிச்சப்பேரைக் காப்பாற்றினார்கள். அதற்கு முந்தைய வருடம் கார்ட்டியே அவர்கள் தலைவரின் பிள்ளைகளைப் பிரான்சுக்குப் பிடித்துப் போயிருந்தார், மருந்தைச் சொன்னவர் அவர்களில் ஒருவர். பிறகு 1608–09 குளிர்காலத்தில் ஷாம்ப்லேனுடன் இருந்த 28 பேரில் 8 பேர்தான் மிஞ்சினார்கள். அந்த ஊரின் பனிக்காலத்தைப் பார்க்காமல் இதெல்லாம் எனக்கு வெறும் எண்ணாகவே இருந்திருக்கும்.

அந்த ஊரின் பனிக்காலத் திருவிழாவான கார்னிவலையும் சொல்லிவிடுகிறேன், கடைசி சனி ஞாயிறுதான் எனக்குக் கிடைத்தது. போனோம் என்ற பனி மனிதர், தலையில் சிவப்புக் குல்லாய், இடுப்பில் அம்பு போலக் கோடு நெய்த கச்சை. கூட்டம் அதிகம், இரவு ஊர்வலத்தில் பின்னால் நின்றதால் பாதிதான் தெரிந்தது. ஆனால் ஆற்றில் நடக்கும் பனிப்படகுப் போட்டி கண்ணுக்குள் இருக்கிறது. ஐந்து பேர் படகைத் துடுப்பு போட்டுத் தள்ளுகிறார்கள், பனிப்பாளம் வந்தால் குதித்து இறங்கி இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், மறுபடி தண்ணீர். பாலமும் பனியுடைக்கும் கப்பலும் வருவதற்கு முன் ஆளும் தபாலும் அக்கரைக்குப் போன வழி அதுதான்.

காசு இல்லாதவர்களுக்கு என் யோசனை அக்கரையில் உள்ள லெவி என்ற ஊருக்குப் போகும் படகு. சில டாலர், பத்துப் பன்னிரண்டு நிமிடம், குளிர்காலம் முழுக்க ஓடுகிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அந்த இடம் வரை கடல் ஏற்ற இறக்கம் வருவதால் பனிப்பாளங்கள் ஒரு நேரம் கடலைப் பார்த்தும் ஒரு நேரம் ஊரைப் பார்த்தும் நகர்கின்றன. படகு அவற்றை உடைத்துக்கொண்டு போகும்போது தளம் முழுக்க அதிர்கிறது. சாயங்காலம் திரும்பும்போது மேலே ஷாத்தோ ஃப்ரான்டனாக் என்ற கோட்டை போன்ற ஹோட்டல் விளக்கேற்றி நிற்கும். நான் மூன்று முறை போய் வந்தேன்.

வெயில்பிரியன் எழுதியது:

அந்தப் படகில் நான் ஏறவில்லை. சரி, ஜூலைதான் என் கட்சி, அதில் மாற்றம் இல்லை. ஆனால் போன்ஜூர் விஷயம் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இனிமேல் போனால் சொல்லிப் பார்க்கிறேன்.

தென்பெண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கம்பளிக்காரி அக்கா, நான் தங்கைதான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், போனில் இல்லை. பூட்ஸும் கோட்டும் விலை பார்த்தேன், இரண்டுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அதுதான் இப்போது யோசனை.

காவிரிக்கரை எழுதியது:

வாங்காதே. எங்கள் விடுதியில் பரிமாற்ற மாணவர்கள் ஊர் திரும்பும்போது குளிர்த்துணியை விட்டுப் போக ஒரு அறை இருக்கிறது. என் கோட் அங்கே எடுத்ததுதான், உள்பையில் யாரோ ஒரு பழைய ரயில் டிக்கெட்டை மறந்து வைத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் நான் கிளம்புகிறேன். கோட், மிட்டன், பூட்ஸ் மூன்றையும் ஒரு பெட்டியில் கட்டி உன் பெயர் எழுதி வைக்கிறேன், எந்தப் பல்கலைக்கழகம் என்று தனிச்செய்தியில் சொல், வேறு ஊராக இருந்தால் அனுப்பி வைக்க வழி பார்க்கலாம். பூட்ஸ் அளவு 7, என் கால் 6. உன் கால் அளவு என்ன?

தென்பெண்ணை எழுதியது:

6 தான், அக்கா.